முதல் நட்டம் யாருடையது?

சாம்பார்ப் பொடியை வீட்டிலேயே அரைத்துப் பாக்கெட் போடும் ஒரு பெண் முதல்முறையாக அண்ணாச்சி கடைப் படியேறும்போது கேட்கும் பதிலைத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். “வச்சிட்டுப் போங்கம்மா. வித்தா காசு வாங்கிக்கலாம்.” இருபது பாக்கெட் கீழ்த்தட்டுக்குப் போகும். கடை நோட்டில் பெயர்கூட ஏறாது. ‘பொடிக்காரம்மா – 20’ என்று ஒரு வரி விழும், அவ்வளவுதான்.

கேட்பவருக்கு மனம் சுருங்கும். ஆனால் அண்ணாச்சி பக்கம் நியாயம் இருக்கிறது. பொடியில் குறையென்றால் வாங்கிய வீட்டார் சண்டைக்கு வருவது அவரிடம்தான். பல வருடமாகச் சேர்த்த பெயரில் ஒரு பங்கைப் பணயம் வைத்துத்தான் புதுச் சரக்குக்கு அவர் இடம் கொடுக்கிறார்.

தொழில் தொடங்குகிறவர்கள் பெயர்ப்பலகைக்கும் லோகோவுக்கும் விசிட்டிங் கார்டுக்கும் நிறையச் செலவழிக்கிறார்கள். அதெல்லாம் வேண்டாம் என்றில்லை. எதிரில் நிற்பவர் மனதில் ஓடுவது வேறு கேள்வி: இது சரியில்லாமல் போனால் நட்டம் யாருக்கு? “எனக்கு” என்று சொல்லி, அதன்படி நடந்தும் காட்டுகிறவருக்குத்தான் சந்தை இரண்டாவது வாய்ப்பைத் தருகிறது.

கடலூர் சி.கே. ரங்கநாதனின் தொடக்க காலத்தை இந்தக் கேள்வியோடு படித்துப் பார்க்க வேண்டும். குடும்பத் தொழிலிலிருந்து விலகி, 1983-இல் 15,000 ரூபாயோடு தனியாக இறங்கியவர் அவர். தந்தை சின்னிகிருஷ்ணன் பெயரைச் சுருக்கி ‘சிக்’ என்று ஷாம்புவுக்குப் பெயர் வைத்தார். இன்றைய கெவின்கேர் நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். சீயக்காயும் அரப்பும் கட்டி சோப்பும் பழகிய கிராமங்களில் ஷாம்பு என்பதே புதிது. அதை விற்க வந்த ஆளும் புதிது.

அவருடைய ஆட்கள் ஊருக்குள் போய் ஒரு பள்ளிக்கூடப் பையனை உட்கார வைப்பார்கள். எல்லார் கண்ணெதிரேயும் தலையை நனைத்து, ஷாம்பு போட்டு, நுரை பொங்கத் தேய்த்து, அலசிவிடுவார்கள். பிறகு சுற்றி நிற்பவர்களைக் கூப்பிட்டு முடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள், முகர்ந்து பார்க்கச் சொல்வார்கள். ரஜினி படம் திரையிட்டு நடுவே விளம்பரம் காட்டியதும் உண்டு. ஆனால் அந்தப் பையனின் தலைதான் பெரிய விளம்பரம் என்று தோன்றுகிறது. யாரும் எதையும் நம்பத் தேவையில்லை, தொட்டுப் பார்த்தால் போதும்.

அதைவிடத் துணிச்சலானது காலி பாக்கெட் திட்டம். எந்த ஷாம்புவாக இருந்தாலும் ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். போட்டிக் கம்பெனியின் பாக்கெட்டுக்கும் உண்டு! வாங்குகிறவருக்கு ஒரு காசு நட்டமில்லை. பிடிக்காவிட்டால் போகிற பணம் முழுக்கத் தயாரிப்பாளருடையது. ஷாம்பு பழகிய பிறகு, இனி சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று திட்டத்தை மாற்றினார்கள். அந்தக் கட்டத்தில் மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சத்துக்குத் தாவியதாக ரங்கநாதனே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

வங்கிக் கதை இன்னும் முக்கியம். பிணை வைக்கச் சொத்தில்லாததால் முதல் கடன் கிடைக்கவே மூன்று வருடம் ஆனது. கடைசியில் ஒரு வங்கி 25,000 ரூபாய் கொடுத்தது. இவரிடம் பிணையாகக் காட்ட எதுவும் இல்லை, ஆனால் மற்ற சிறுதொழில்களைப் போலின்றி இந்தக் கம்பெனி வருமான வரி கட்டுகிறது என்று விண்ணப்பத்தில் மேலாளர் எழுதினாராம். கையில் காசு முடைப்பட்ட நாளில் கட்டிய வரி, மூன்று வருடம் கழித்து அவருக்காகச் சாட்சி சொன்னது. அந்த 25,000 பிறகு நான்கு லட்சமாக, பதினைந்து லட்சமாக வளர்ந்தது.

தெருவோர வியாபாரிகளுக்காக 2020-இல் வந்த ஸ்வநிதி கடனும் இதே படிக்கட்டில்தான் ஏறியது. முதலில் 10,000, ஒழுங்காகக் கட்டினால் 20,000, அதையும் கட்டினால் 50,000. முதல் பத்தாயிரத்தின் தவணைத் தேதிகள்தான் அங்கே பிணை.

அருண் ஐஸ்கிரீம் நுழைந்த வழி வேறு. ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-இல் 13,000 ரூபாய் முதலில் ராயபுரத்தில் ஆரம்பித்தார். பெரிய பெயர்களோடு நேரே மோதாமல், கப்பல்களுக்கும் கல்லூரி கேன்டீன்களுக்கும் சரக்குப் போட்டார். கேன்டீனில் சாப்பிடுவது தினமும் வரும் அதே மாணவர்கள்தான். ஒருநாள் சுவை குறைந்தால் மறுநாளே தெரிந்துவிடும். புதியவர் ஒருவர் இப்படிப்பட்ட கண்டிப்பான இடத்தில் தொடங்குவது நல்லது.

வாங்குகிறவரிடம் பெயர் எடுப்பதைப் பற்றியே பேசுகிறோம். கொள்முதல் செய்யும் இடத்தை மறந்துவிடுகிறோம். மிளகாய் மண்டியில் திங்கட்கிழமை தருகிறேன் என்று சொன்ன பணம் திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். முடியாதென்றால் சனிக்கிழமையே போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்கிறவரை மண்டிக்காரர் மறப்பதில்லை. காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் நாணயம் என்று ஒரே சொல் இருப்பது எவ்வளவு பொருத்தம்!

இன்று பாக்கெட்டின் முதுகுப் பக்கமே ஒரு ஜாமீன் பத்திரம். 14 இலக்க உணவு உரிம எண்ணை யார் வேண்டுமானாலும் இணையத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். எடை, விலை, தயாரித்த தேதி, கூடவே புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அச்சடிப்பது சுலபம். இரவு எட்டரைக்கு அந்த எண்ணில் போன் வரும்போதுதான் சோதனை.

“உங்க பொடியில வண்டு இருக்கும்மா” என்கிறது ஒரு குரல். எங்கள் பொடியில் வண்டே வராது என்று வாதாடலாம்; நீங்கள் ஈரக் கரண்டி போட்டிருப்பீர்கள் என்று திருப்பிவிடலாம். பொடிக்காரம்மா இரண்டையும் செய்யாமல், எந்தக் கடை, பாக்கெட்டில் என்ன தேதி என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் விஷயம் வேறாகிறது. மறுநாள் காலை கடை திறந்ததும் போய், கீழ்த்தட்டில் மிச்சமிருக்கும் பதினோரு பாக்கெட்டையும் எடுத்துப் பையில் போடுகிறார். விற்ற ஒன்பதுக்கும் அவர் காசு கேட்கவில்லை. யாராவது திருப்பிக் கொண்டுவந்தால் கொடுங்கள் அண்ணாச்சி என்று புதுப் பாக்கெட் ஒன்பதை மேஜைமேல் வைக்கிறார்.

அண்ணாச்சி நோட்டைப் பிரித்து, அந்த வரியில் பேனாவை வைத்தபடி நிமிர்ந்து பார்க்கிறார். “உங்க பேரு என்னம்மா?”