பிடியை விட்டால் நிற்க வேண்டும்

டொரொண்டோவின் ஸ்கார்பரோவில் யந்திரம் பழுதுபார்க்கும் தொழில் செய்யும் நம் சகோதரர்களுக்கு, பனியை அகற்றும் ஸ்னோ புளோயர் என்பது ஆண்டுதோறும் தவறாமல் வந்து போகும் விருந்தாளி. லண்டனில் உள்ள நமக்கோ அது பல வருஷங்களுக்கு ஒருமுறை, அதுவும் பனி பெய்துகொண்டிருக்கும் நாளிலேயே, அவசரமாகக் கொண்டுவரப்படும் நோயாளி. அன்றாடம் உழைக்கும் யந்திரம் தன் குறையைத் தானே காட்டிவிடும். நெடுங்காலம் உறங்கிய யந்திரமோ அதை உள்ளே வைத்துக்கொண்டிருக்கும். ஆதலால் இவ்விஷயத்தில் அதிகச் சிரத்தை தேவைப்படுவது நமக்கே என்று கருதுகிறோம்.

சென்ற இலையுதிர் காலத்தில் பிளேஸ்டோவில், பார்க்கிங் ரோட்டை ஒட்டிய பட்டறை ஒன்றுக்கு அத்தகைய யந்திரம் வந்தது. 2009 பிப்ரவரி 2 அன்று, லண்டன் பஸ்கள் யாவும் நின்றுபோன அந்தப் பெரும் பனிக்குப் பிறகு ஒரு மண்டபத்தார் வாங்கியது. 2018இல் ஒருமுறை உழைத்துவிட்டு ஈரக்கொட்டகையில் கிடந்தது. தொட்டியில் பின்னர் யாரோ ஊற்றிய பெட்ரோல் கார்புரேட்டருக்குள் பிசினாக உறைந்திருந்தது. 2021 செப்டம்பர் முதல் இந்நாட்டில் சாதாரணமாக விற்கப்படும் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதும், அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதும் நாம் அறிந்தவையே. ஜெட்டைச் சுத்தம் செய்து, புதிய பெட்ரோல் விட்டு, சோக்கை இழுத்துக் கயிற்றைச் சுண்டியதும் மூன்றாம் இழுப்பில் எஞ்சின் முழங்கிற்று.

"அண்ணை, எஞ்சின் ஓடுதுதானே, காணாதோ?" என்றார் மண்டபக் காவலர்.

பட்டறைக்காரர் பதில் கூறாமல், பனியை வாரும் சுருளை இயக்கும் பிடியை அழுத்தி, விட்டு, வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். எட்டு எண்ணிய பிறகும் சுருள் சுழன்றுகொண்டிருந்தது. உறைக்குள் துருவேறிய கேபிள் திரும்பி வர மறுத்ததால் பெல்ட் தளரவுமில்லை, தடைக்கட்டை கப்பியைத் தொடவுமில்லை.

இந்த யந்திரத்தின் பிடிகளைப் பற்றி உடைமையாளர்கள் கொண்டுள்ள அறிவு மிகவும் சொற்பம். ஒன்று சக்கரங்களுக்கு, மற்றொன்று சுருளுக்கும் பனியை எறியும் விசிறிக்கும் என்பது வரையில் அவர்கள் அறிவார்கள். ஆனால் பல மாதிரிகளில் சக்கரப் பிடியை அழுத்தியிருக்கும் வரையில் சுருள் பிடி, கையை எடுத்த பிறகும் தாழ்ந்தே நிற்கும்; எறிகுழலைத் திருப்ப ஒரு கை ஓய்வாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. இதை அறியாதவர், கையை எடுத்தால் சுருள் நின்றுவிடும் என்று நம்பி முன்னே குனிவார். இரு பிடிகளையும் விட்டபின் ஐந்து விநாடிக்குள் சுருள் நிற்க வேண்டும் என்று பல கைநூல்கள் கூறுவதை வாசித்தவர் எத்தனை பேர்?

எஞ்சினை நிறுத்திவிட்டாலும் அபாயம் தீர்வதில்லை. ஈரப்பனி அடைத்துக்கொண்ட விசிறியில் பெல்ட்டின் முறுக்கம் தேங்கி நிற்கக்கூடும். அடைப்பு நீங்கிய கணத்தில் அலகு ஒரு சுற்றுச் சுற்றினால் விரல்கள் மிஞ்சா. 1925இல் கியூபெக்கில் ஆர்தர் சிகார் செய்த பனி யந்திரத்துக்குக் கதிரடிக்கும் யந்திரத்திலிருந்தே யோசனை கிடைத்தது. ஊரில் கதிரடிக்கும் யந்திரத்தருகே நின்றவர்களுக்கு இந்த எச்சரிக்கையின் பொருள் விளங்கும். சாவியை எடுத்து, பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கிவைத்து, யாவும் அசைவற்று நின்றபின் கட்டையால் மட்டுமே அடைப்பை நீக்க வேண்டும். யந்திரத்தைச் சக்தியின் மூலத்திலிருந்து பிரிக்க வழி வேண்டும் என்று 1998ஆம் ஆண்டின் வேலைக்கருவி விதிகள் விதிப்பதும் இதற்காகவே.

சுருளின் ஷியர் போல்ட் முறிந்து யந்திரம் வந்தால், கையில் கிடைத்த கெட்டிப் போல்ட்டைப் பூட்டி அனுப்பும் வழக்கம் நம்மில் சிலரிடம் இன்னும் இருப்பது வருத்தத்துக்குரியது. தான் முறிந்து கியர்பெட்டியைக் காப்பதற்கென்றே அது மென்மையாகச் செய்யப்பட்டது. தயாரிப்பாளர் குறித்த போல்ட் வரும்வரை யந்திரம் பட்டறையிலேயே காத்திருக்கட்டும்.

பிளேஸ்டோ யந்திரத்துக்குப் புதிய கேபிள் போடப்பட்டது. பிடியை விட்டதும் மூன்று எண்ணுவதற்குள் சுருள் நின்றது. பட்டறைக்காரர் அத்துடன் விடாமல், காவலரையே கையுறை அணியச் செய்து, பிடிகளை அழுத்தியும் விட்டும் மூன்று முறை எண்ண வைத்தார். பிறகு கைப்பிடியில் தமிழில் எழுதிய அட்டை ஒன்றைக் கட்டினார்: "இரண்டு பிடியையும் விட்டு ஐந்து எண்ணவும். சுருள் நிற்காவிட்டால் பனியில் இறக்க வேண்டாம்."