போஸ்கோன்னா காடு!

செப்டம்பர் முதல் வாரம் வேளாங்கண்ணி கடற்கரையில் நின்று, "டேய் போஸ்கோ!" என்று ஒரு சவுண்டு விட்டுப் பாருங்கள். நாலு பேராவது திரும்புவார்கள். மொட்டை போட்டு சந்தனம் தடவிய மாமா ஒருத்தர், ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்கல் பையன் ஒருத்தன், அப்பா தோளில் உட்கார்ந்து சோன்பப்டி தின்கிற வாண்டு ஒன்று... நாலாவது ஆள் உங்கள் கிளாஸ்மேட்டாகவே இருக்கலாம்.

"இதெல்லாம் போர்ச்சுக்கீசிய பேருப்பா" என்று பக்கத்தில் யாராவது விளக்கம் சொல்வார்கள். புயலில் தப்பிய போர்ச்சுக்கீசிய மாலுமிகள் மாதாவுக்குக் கோயில் கட்டிய கதையைக் கேட்டு வளர்ந்த ஊர். அதனால் வெளிநாட்டு வாசனை அடிக்கிற பேர் எல்லாமே அந்தக் கப்பலில் வந்ததுதான் என்று ஒரு நினைப்பு. ஃபெர்னாண்டோ, கோஸ்டாவுக்கு அது சரி. போஸ்கோவுக்குச் சரியில்லை. அது இத்தாலி சரக்கு. இன்னொரு விஷயம், அந்த ஊரில் அது ஆளோட பேரே இல்லை. சர்நேம்!

இத்தாலிய மொழியில் 'போஸ்கோ' என்றால் காடு, தோப்பு. காட்டோரம் குடியிருந்தவன், அல்லது போஸ்கோ என்ற பேருள்ள ஊரிலிருந்து வந்தவன், அவ்வளவுதான் அர்த்தம். இங்கிலீஷ்காரர்களின் 'வுட்', பிரெஞ்சுக்காரர்களின் 'துபுவா' எல்லாம் இதே கதைதான். கொஞ்சம் தோண்டினால் இன்னும் ஜாலி. 'போஸ்கஸ்' என்ற பிற்கால லத்தீன் சொல்லில் இருந்து வந்தது போஸ்கோ. அந்தச் சொல்லின் வேர் ஜெர்மானிய மொழிகளில் இருக்கிறது என்கிறார்கள். அதே வேரில் முளைத்ததுதான் இங்கிலீஷ் 'புஷ்'. அதாவது நம்ம போஸ்கோவும் அமெரிக்காவின் ஜார்ஜ் புஷ்ஷும் பேர் வகையில் பங்காளிகள்! கல்யாண ரிசப்ஷனில் நீட்டுகிறோமே 'பொக்கே', அதுவும் இந்தக் குடும்பம்தான். குட்டிக் காடு என்பதுதான் அதற்கு ஆதியில் அர்த்தம்.

காட்டைப் பேராக வைப்பது நமக்கொன்றும் புதுசில்லை. வேளாங்கண்ணியிலிருந்து தெற்கே போனால் வேதாரண்யம். அதன் தமிழ்ப் பேர் திருமறைக்காடு. வடக்கே போனால் திருவெண்காடு. பட்டினத்தாரின் இயற்பெயர் என்ன தெரியுமா? திருவெண்காடர். ஊர்ப் பேர் ஆளுக்கு வருவது காவிரிக் கரையிலும் உண்டு, இத்தாலியிலும் உண்டு. ஏன், வேளாங்கண்ணி என்ற பேரிலேயே எத்தனை பேர் இருக்கிறார்கள்!

சரி, காட்டுக்காரர் இங்கே எப்படி வந்தார்?

1815-ல் வட இத்தாலியில், டூரின் நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர் ஜொவான்னி போஸ்கோ. இரண்டு வயது முடிவதற்குள் அப்பா இறந்துவிட்டார். பிறகு பாதிரியார் ஆகி, டூரின் தெருக்களில் வேலைக்கும் சோற்றுக்கும் அலைந்த பையன்களுக்குத் தங்க இடமும் தொழிலும் படிப்பும் கொடுத்தார். 1859-ல் சலேசிய சபையைத் தொடங்கினார். 1888-ல் மறைந்தார். அவரை எல்லாரும் 'டான் போஸ்கோ' என்று கூப்பிட்டார்கள். அது 'பாட்ஷா' படத்து டான் இல்லை மச்சி! இத்தாலியில் பாதிரியாருக்குப் போடுகிற மரியாதை அடைமொழி. நம்ம பக்கத்தில் 'சாமி' என்கிற மாதிரி. அந்த அடைமொழியையும் சேர்த்து 'டான் போஸ்கோ' என்றே பிள்ளைக்குப் பேர் வைத்திருக்கிறார்கள் நம் ஆட்கள். எல்.கே.ஜி.யிலேயே சாமியார் பட்டம்!

இந்தியாவுக்கு முதன்முதலில் சலேசியர்கள் வந்து இறங்கி வேலை ஆரம்பித்த ஊர் எது? கொல்கத்தா இல்லை, மும்பை இல்லை. தஞ்சாவூர்! 1906-ல், தொமாத்திஸ் என்ற பாதிரியார் தலைமையில் வந்தார்கள். அப்போது தஞ்சாவூர் மயிலாப்பூர் மறைமாவட்டத்தில் இருந்தது. தஞ்சை தனி மறைமாவட்டம் ஆனது 1952-ல்தான். ஆக, இந்தியாவில் போஸ்கோவுக்கு முதல் அட்ரஸ் டெல்டாதான். 1934-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. ஞானஸ்நானத்தில் வைக்கிற பேர் லிஸ்டில் ஜான் போஸ்கோ சேர்ந்தாச்சு.

இங்கேதான் ஒரு சுவாரசியம். பழைய காலத்துப் புனிதர்களுக்கு நாம் அழகான தமிழ்ப் பேர் வைத்திருந்தோம். பீட்டர் இராயப்பர் ஆனார், பால் சின்னப்பர் ஆனார், அலோசியஸ் கொன்சாகா ஞானப்பிரகாசியார் ஆனார். அதே கொன்சாகா பிறந்த இத்தாலிய ஊரில் 1680-ல் பிறந்த பெஸ்கி, இங்கே வந்து முதலில் தைரியநாதர், அப்புறம் வீரமாமுனிவர். சர்நேமைக் கடலில் போட்டுவிட்டுத்தான் 'தேம்பாவணி' எழுதினார். ஆனால் 20-ம் நூற்றாண்டில் புனிதரானவர்கள் சர்நேமோடு அப்படியே உள்ளே வந்துவிட்டார்கள். 1930-ல் பெல்லார்மின், 1934-ல் போஸ்கோ, 1950-ல் மரிய கொரற்றி, 1954-ல் சாவியோ. நாலுமே இத்தாலிய சர்நேம்! நாகர்கோவிலில் 2004 முதல் 2009 வரை எம்.பி.யாக இருந்த ஏ.வி.பெல்லார்மின் ஞாபகம் வருகிறாரா? சாவியோ என்றால் இத்தாலியில் 'அறிவாளி'. ஆறு அரியர் வைத்திருக்கும் சாவியோக்கள் இந்த வரியைத் தாண்டிவிடவும்.

போஸ்கோவை யாரும் 'காடப்பர்' ஆக்காததற்கு எனக்குத் தோன்றும் காரணம் சிம்பிள். ஜான் என்றால் எந்த ஜான்? ஜான் பிரிட்டோ, ஜான் வியான்னி, ஜான் போஸ்கோ என்று பெரிய கும்பலே இருக்கிறது. அடையாளம் சொல்ல சர்நேம்தான் உதவியது. கிளாஸில் மூன்று ஜான் இருந்தால் நீங்களும் அதைத்தானே செய்வீர்கள்!

இத்தாலியில் சர்நேம் என்பது பரம்பரைச் சொத்து. 1563-ல் முடிந்த திரெந்து பொதுச்சங்கம் பங்குகளில் பதிவேடு வைக்கச் சொன்ன பிறகு அது இன்னும் கெட்டியானது. நாம் நேர் எதிர். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. வால் போச்சு, முன்னால் இனிஷியல் நின்றது. போஸ்கோ என்ற பேரை வைத்து ஒருத்தர் என்ன மதம் என்று ஊகிக்கலாம், சாதியைக் கண்டுபிடிக்க முடியாது. சும்மா சொல்லக்கூடாது, அது பெரிய விஷயம்.

சிக்கல் ஆரம்பிப்பது பாஸ்போர்ட் ஃபாரத்தில். 'சர்நேம்' என்று ஒரு கட்டம் நம்மை முறைத்துப் பார்க்கும். காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் உங்கள் பேர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். பேர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று மூன்று எழுத்து உட்காரும். முதல் பேர் தெரியவில்லை என்று அர்த்தம்! 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் வர முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் சொன்னபோது துபாய்க்குப் பெட்டி கட்டியவர்கள் ஆடிப்போனார்கள். அதனால் இப்போது எல்லாரும் அப்பா பேரைச் சர்நேம் கட்டத்தில் போடுகிறார்கள்.

அப்பா பேர் ஜான் போஸ்கோ என்றால்? மகள் ஜெ.ஆரோக்கிய பிரியா, பாஸ்போர்ட்டில் ஆரோக்கிய பிரியா ஜான் போஸ்கோ ஆகிறாள். மாஸ்டர்ஸ் படிக்க டூரின் பாலிடெக்னிக்குக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவள் 'மிஸ் போஸ்கோ'. "உங்க தாத்தா பியட்மாண்ட்ல எந்த ஊரு?" என்று எவனாவது கேட்டால் சிரிக்கக் கூடாது. காட்டோரக் குடியானவனின் சர்நேம் தமிழ்நாட்டில் பேராகி, இனிஷியலாகி, திரும்பவும் சர்நேமாகப் பிறந்த வீட்டுக்கே வந்து நிற்கிறது.

கேர்ள்ஸுக்கு ஒரு எக்ஸ்ட்ரா தகவல். டான் போஸ்கோவின் அம்மா பேர் மார்கரீத்தா ஒக்கியேனா. கல்யாணத்துக்கு அப்புறமும் வரலாற்றில் அவர் ஒக்கியேனாதான். இன்றும் இத்தாலியப் பெண்கள் பிறந்த வீட்டு சர்நேமை விடுவதில்லை. குழந்தைக்கு அப்பா சர்நேம் மட்டும் தானாக வருவது தப்பு, இரண்டு பேருடையதும் வர வேண்டும் என்று 2022-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. இங்கேயும் கல்யாணம் ஆனதும் இனிஷியலை மாற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. டென்த் மார்க் ஷீட்டில் ஒரு பேர், டிகிரியில் ஒரு பேர், பாஸ்போர்ட்டில் ஒரு பேர் என்று அஃபிடவிட்டுக்கு அலைகிற அக்காக்களைக் கேட்டுப் பாருங்கள், அப்புறம் முடிவு பண்ணுங்கள்.

ஃபெர்னாண்டோ, கோஸ்டா கோஷ்டி கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கப்பல் அடுத்த வாரம் கரைக்கு வருகிறது.