சிறு தர்ம ஸ்தாபனங்களின் நிதிநிலை

அயல்நாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்குரிய உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்து, அந்நன்கொடையைப் பிற சங்கங்களுக்குப் பகிர்ந்தளிப்பதையும் தடுத்த 2020-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், சிறிய தர்ம ஸ்தாபனங்களின் ஜீவாதாரத்தையே பாதிப்பதாகலின், மறுபரிசீலனைக்கு உரியது என்பதே நமது அபிப்பிராயம். நன்கொடைப் பணம் விரயமாகாமல் காக்கும் பொறுப்பு சர்க்காருக்கு உண்டு என்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆயினும், அலுவலக வாடகையும் கணக்கெழுதும் செலவும் பெரிய ஸ்தாபனத்துக்கு அற்பமாகவும் சிறியதற்குப் பெரும்பாரமாகவும் அமைவது இயல்பாதலின், இரண்டிற்கும் ஒரே விகிதம் விதிப்பது சமநீதியாகாது. வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்கே செலவிடவேண்டுமென்னும் வருமானவரிப் பொதுவிதியும் உடன்சேர, நன்கொடை குன்றிய ஆண்டில் தாங்கி நிற்பதற்குரிய சேமநிதியைப் பல்லாண்டு முயன்றும் சிறு ஸ்தாபனங்கள் திரட்டுவது அரிதாகிறது. ஆதலின், சிறு ஸ்தாபனங்களுக்குப் பழைய வரம்பை மீட்டளித்து, சேமநிதி விதிகளையும் தளர்த்தி, செலவின் நேர்மையை ஆண்டுத் தணிக்கையைக் கொண்டே சோதிக்குமாறு மத்திய சர்க்காரை வற்புறுத்துகிறோம்.