ஒரே மேடையில் நிற்காத நால்வர், ஒரே கூரையின் கீழ் அவர்களின் பொருட்கள்: பிங்க் ஃப்ளாய்டு கண்காட்சி சொல்வதும் சொல்லாததும்

கறுப்பு டீ-ஷர்ட். நடுவில் ஒரு முக்கோணம். ஒரு பக்கம் வெள்ளைக் கோடா உள்ளே போற வெளிச்சம், மறுபக்கம் வானவில்லா வெளியே வருது. காலேஜ் கேன்டீன்லயோ ரயில்வே பிளாட்பார்ம்லயோ கண்டிப்பா பார்த்திருப்பீங்க. போட்டிருக்கிறவர்கிட்ட "இவங்க பாட்டுல எது பிடிக்கும்?"னு கேட்டா, நிறைய பேர் முழிப்பாங்க. தப்பில்லை. பிங்க் ஃப்ளாய்டு என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழு 1973-ல் வெளியிட்ட 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' ஆல்பத்தின் அட்டைப்படம் அது. வானவில்லுக்கு ஏழு நிறம்னு படிச்சிருப்போம். இதில் ஆறுதான். எண்ணிப் பாருங்க.

இந்தக் குழு இப்போ சேர்ந்து வாசிக்கிறதில்லை. ஆனால் குழுவோட பொருட்கள் மட்டும் நாடு நாடா டூர் போயிருக்கு. முதல் பாட்டுத்தட்டு வந்து 50 வருஷம் ஆனதையொட்டி, 2017 மே மாதம் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் தொடங்கிய கண்காட்சி அது. 350-க்கும் மேற்பட்ட பொருட்கள். நாலு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பார்த்தார்கள். பிறகு ரோம், ஜெர்மனியின் டார்ட்மண்ட், மாட்ரிட், லாஸ் ஏஞ்சலஸ், மான்ட்ரியல் என்று கிளம்பிவிட்டது. வைத்த பேர் 'தெயர் மார்ட்டல் ரிமெய்ன்ஸ்'. நம்மூர் பேப்பர் பாஷையில் சொன்னால், 'அவர்களின் பூதவுடல்'. உயிரோட இருக்கும்போதே தங்களுக்கு இப்படியொரு தலைப்பு வைக்க தனி தைரியம் வேணும்!

இது பிங்க் ஃப்ளாய்டோட மட்டும் நிற்கிற விஷயம் இல்லை. இதே அருங்காட்சியகம் 2013-ல் டேவிட் போவிக்கு வைத்த கண்காட்சி, ஐந்து வருஷம் உலகம் சுற்றி 20 லட்சம் பேரைத் தாண்டியது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவும் 2016-ல் லண்டனில் தொடங்கி நியூயார்க், சிகாகோ, சிட்னி வரை தங்கள் பொருட்களைக் கொண்டுபோனது. காரணம் சிம்பிள். கச்சேரி டூர்னா 70 வயசைத் தாண்டிய உடம்பு ஒவ்வொரு ராத்திரியும் மேடை ஏறணும். கண்காட்சிக்குப் பெட்டிகளும் ஹெட்போன்களும் போதும். அருங்காட்சியகத்துக்கும் லாபம்தான். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டில் பொது நுழைவு இலவசம், இதுபோன்ற சிறப்புக் கண்காட்சிகளுக்குத்தான் டிக்கெட். பானைக்கும் பழைய பட்டுத்துணிக்கும் வராத கூட்டம் கிட்டாருக்கு வருது.

அப்போ இது வெறும் வியாபாரமா? அப்படி ஒரே அடியா ஒதுக்கிட முடியாது. இசை எப்படி உருவாச்சுங்கிறதைக் காட்டுற இடங்களில் இந்தக் கண்காட்சி நிஜமாவே செம. 'அஸிமத் கோஆர்டினேட்டர்'னு ஒரு பெட்டி. அபே ரோடு ஸ்டுடியோவின் இன்ஜினீயர் ஒருத்தர் செய்து கொடுத்தது. அதிலிருக்கிற குச்சியைத் திருப்பினா, சத்தம் அரங்கத்தோட நாலு மூலைக்கும் ஓடும். இன்னிக்கு தியேட்டர்ல ஹெலிகாப்டர் தலைக்கு மேல பறக்கிற மாதிரி கேட்குதே, அந்த ஆசையை 1967-லேயே கையால் செய்து பார்த்த கருவி. முதலில் செய்த பெட்டி கச்சேரி முடிஞ்சதும் திருடுபோயிடுச்சு. மிஞ்சியிருப்பது பின்னால செய்தது.

'மனி' பாட்டோட ஆரம்பத்தில் வரும் சில்லறைச் சத்தம் அதைவிட சுவாரஸ்யம். கம்ப்யூட்டர் இல்லாத காலம். காசு விழும் ஒலி, காகிதம் கிழியும் ஒலி, கல்லாப்பெட்டி ஒலி எல்லாத்தையும் தனித்தனியா பதிவு செய்து, நாடாவை ஸ்கேல் வைத்து அளந்து வெட்டி ஒட்டி, வட்டமாகச் சுழல விட்டார்கள். ஏழு துண்டு, ஏழு அடி. நம்ம கணக்கில் மிஸ்ரம். ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் தாளம் நொண்டும். இன்னிக்கு ஒரு ஆப்ல பத்து நொடியில் முடியற வேலைதான். ஆனா அதைக் கத்தரிக்கோலால் யோசிச்சவங்களைப் பார்க்கும்போது மரியாதை வருது.

இன்னொரு பக்கம் பள்ளிக்கூடப் பிரம்பு. ரோஜர் வாட்டர்ஸ் படித்த கேம்பிரிட்ஜ் பள்ளியோடது, தண்டனைப் பதிவேட்டோடு சேர்த்து. 1979-ல் வந்த 'தி வால்' ஆல்பத்தில் வாத்தியார் ஏன் அரக்கனா வர்றார்னு அதுக்கு மேல விளக்கவே வேண்டாம்.

பிரச்னை வேற இடத்தில் இருக்கு. இது குழுவோட ஒத்துழைப்பில் உருவான கண்காட்சி. நெறிப்படுத்தியவர்களில் ஒருத்தரான ஆப்ரி பவல், அவங்களோட ஆல்பம் அட்டைகளை வடிவமைத்த நிறுவனத்தின் இரண்டு நிறுவனர்களில் ஒருவர். ஆக, வீட்டு ஆளே ஆல்பத்தைப் புரட்டிக் காட்டுற மாதிரி. எந்தக் கல்யாண ஆல்பத்தில் பந்திச் சண்டை இருக்கு?

ஆனால் பிங்க் ஃப்ளாய்டு கதையில் சண்டைதான் பாதிக் கதை. குழுவின் முதல் நாயகன் சிட் பாரெட், மனநிலை பாதிக்கப்பட்டு 1968-ல் விலகினார். கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட், 'தி வால்' வேலை நடக்கும்போதே வெளியேற்றப்பட்டு, அந்த டூரில் சம்பளத்துக்கு வாசித்தார். டூர் நஷ்டத்தில் முடிந்ததால், அதில் காசு பார்த்தது அவர் மட்டும்தான் என்பது தனி காமெடி. 1985-ல் வாட்டர்ஸ் விலகினார். பேர் யாருக்குச் சொந்தம்னு டேவிட் கில்மோர் தரப்போடு சட்டச் சண்டை. இதெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் அழகா மடங்குற விஷயம் இல்லை. கண்காட்சி முடியற அறையில் ஓடுறது, 2005 ஜூலை 2-ல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த லைவ் 8 நிகழ்ச்சி. 24 வருஷத்துக்குப் பிறகு நாலு பேரும் ஒரே மேடையில். சுற்றிலும் ஸ்பீக்கர், நாலாபக்கமும் திரை. கண் கலங்கித்தான் வெளியே வருவாங்க.

அதுக்கப்புறம் நடந்தது? பாரெட் 2006-லும் ரைட் 2008-லும் இறந்துட்டாங்க. 2023-ல் வாட்டர்ஸின் அரசியலை கில்மோரின் மனைவி சமூக வலைதளத்தில் கடுமையா விமர்சிக்க, கில்மோர் அதை ஆமோதிக்க, வாட்டர்ஸ் மறுக்க, எல்லாம் உலகம் பார்க்க நடந்தது.

2024 அக்டோபரில் பாட்டுப் பதிவுகளையும், குழுவின் பேர், படம், அடையாளங்கள் மீதான உரிமையையும் சோனி நிறுவனம் வாங்கியது. சுமார் 40 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. பல வருஷமா இழுத்த பேரம் அது. உறுப்பினர்களுக்குள் ஒத்துப்போகாததும் தாமதத்துக்கு ஒரு காரணம். நான் இதைத்தான் கவனிக்கச் சொல்வேன். 2017-ல் எதைக் காட்டணும், எதை விடணும்னு சொல்ல, சண்டை போட்டாலும் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவங்க இருந்தாங்க. பிரம்பை வெளியே எடுத்து வைத்தது அப்படிப்பட்ட கைகள்தான். இனி முக்கோணத்தை எங்கே வைக்கலாம்னு முடிவு பண்றதில் ஒரு கம்பெனிக்குப் பெரிய பங்கு இருக்கும். டீ-ஷர்ட் விக்கிற கம்பெனிக்கு முக்கோணம் வேணும். ரைட்டை வெளியே அனுப்பின கதை எதுக்கு?

இதுவரை போன ஊர்களில் இந்தியா இல்லை. அதுவரைக்கும் ஒரு ஹெட்போன் போதும். 'மனி' பாட்டைப் போட்டு, கிட்டார் வர்றதுக்கு முன்னாடி அந்தச் சில்லறையை மட்டும் விரல் விட்டு எண்ணுங்க. ஏழு வரும்.