வரவு எழுதினோம், இருப்பு எங்கே?

இந்த வருடமும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பொங்கல் விமரிசையாக நடந்தது. கார் நிறுத்துமிடத்தைக் கழுவி, கோலம் போட்டு, கரும்பு கட்டி, மண்பானைக்கு மஞ்சள் கொத்தும் கட்டியிருந்தார்கள். பானை பொங்கியபோது எல்லோரும் சேர்ந்து "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினோம். லிஃப்டில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிற மூன்றாவது மாடிக்காரர் அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். இதற்காகவே இந்த விழா வேண்டும். நான் குறை சொல்ல வரவில்லை.

கடைசியில் "பெரியவர்கள் இரண்டு வார்த்தை பேசுங்கள்" என்று மைக்கைக் கொடுத்தார்கள். நான் ஒரு யோசனை சொன்னேன். "தையில் பொங்கல் வைத்தோம். சித்திரையில் மொட்டை மாடியில் எல்லோரும் சேர்ந்து வடகம் போடுவோம். தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுக்கட்டும், தெரியாதவர்கள் கற்றுக்கொள்ளட்டும்." கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. கைதட்டலும் வந்தது. சங்கச் செயலாளர் நல்ல பிள்ளைதான். அருகில் வந்து, "சார், மாடிச் சாவியை யாருக்கும் கொடுக்கிறதில்லை. தண்ணீர்த் தொட்டி, சோலார் எல்லாம் இருக்கு. வடகம் கடையிலேயே கிடைக்குதே சார்" என்றார்.

அதற்கு நான் அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

அரசாங்கத்தில் குமாஸ்தாவாக முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். அதில் பாதிக் காலம் இருப்புப் பதிவேடு எழுதினேன். ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு. நாலு பத்தியும் சரியாக இருந்தால்தான் தணிக்கைக்காரர் கையெழுத்துப் போடுவார். பொங்கல் என்பது வரவுப் பத்தி. விளைந்தது வீட்டுக்கு வந்தது என்று சூரியனுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்லி எழுதுகிற வரவு. வந்ததை அடுத்த விளைச்சல் வரும்வரை கெடாமல் வைத்துக்கொள்வதுதான் இருப்பு. நாம் வரவை மட்டும் மைக் வைத்துக் கொண்டாடிவிட்டு இருப்புப் பத்தியை வெறுமையாக விட்டிருக்கிறோம்.

என் அக்கா பாகூர்ப் பக்கம் கிராமத்தில் இருக்கிறாள். எண்பத்திரண்டு வயது. பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிற பூமி அது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற இடம். நான் சிறுவனாக இருந்தபோது அங்கே பொங்கல் நாலு நாளோடு முடிந்ததில்லை. தையில் சம்பா அறுத்துக் களத்தில் அடித்து, விதைநெல்லைத் தனியாகக் கோட்டை கட்டி வைத்துவிட்டு, மீதியைக் குதிரில் கொட்டுவார்கள். அதன் பிறகு வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாக வரும். பங்குனியில் மாவடு. சித்திரையில் மோர்மிளகாய், சுண்டை வத்தல், மணத்தக்காளி வத்தல், கொத்தவரங்காய் வத்தல், கூழ் வடகம். அக்னி நட்சத்திரத்தில் தாளிப்பு வடகம். புளியைக் கொட்டை எடுத்து உப்புப் போட்டுப் பானையில் அடைப்பதும் அந்தச் சமயத்தில்தான். ஒரு வீட்டில் வடகம் போட்டால் நாலு வீட்டுப் பெண்கள் வந்து வெங்காயம் உரிப்பார்கள். கதை, வம்பு, சிரிப்பு, அழுகை எல்லாம் அங்கேதான். அதற்குப் பெயர் வைக்கவில்லையே தவிர, அதுவும் திருவிழாதான்.

கடற்கரைக் குப்பங்களிலும் இதே கணக்குத்தான். மீன் அதிகமாகப் பட்ட நாளில் உப்பிட்டுக் காயவைத்த கருவாடுதான் கடலுக்குப் போகாத நாட்களில் குழம்பாகும். இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் கருவாட்டின் அருமை குப்பத்து வீடுகளுக்குத் தெரியும்.

நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். 1954ல் பிரெஞ்சு நிர்வாகம் முடிந்துவிட்டது என்றாலும் எங்கள் வகுப்பில் திக்தே எழுதுவது நிற்கவில்லை. பாடப் புத்தகத்தில் திராட்சை அறுவடை பற்றி ஒரு பாடம், கூடை சுமந்து நிற்கும் பெண்களின் படத்தோடு. இன்னொரு பாடத்தில் ஒரு பாட்டி பழத்தையும் சர்க்கரையையும் செம்புப் பாத்திரத்தில் கிளறி கொன்ஃபித்யூர் செய்து, சீசாவில் ஊற்றி, பெயர் எழுதி அலமாரியில் அடுக்குவாள். திராட்சைக் கொடியைக் கண்ணால் பார்த்திராத நாங்கள் அதை ஒரு எழுத்துப் பிழையில்லாமல் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினோம். அதே மாதத்தில் எங்கள் ஆயா நார்த்தங்காயைச் சுருள் சுருளாக நறுக்கி உப்பு அடைத்து ஜாடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் நோட்டில் எழுதத் தகுந்த விஷயம் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பிரான்ஸ் தேசத்துப் பாட்டியின் ஜாம் எனக்குப் பாடம். என் ஆயாவின் ஊறுகாய் எனக்கு வெறும் தொட்டுக்கை. இந்த வயதில் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. நம்முடைய வடகத்தை அந்தக் காலத்திலேயே பிரெஞ்சுக்காரர்கள் ருசி கண்டு 'வதுவான்' என்று பெயர் சொல்லிக் கொண்டுபோனார்கள். இன்றும் பிரான்சில் சமையல்காரர்கள் அந்தப் பெயரில் ஒரு மசாலாவைப் பயன்படுத்துகிறார்கள். அக்காவின் பேரன் பாரிஸ் பக்கத்தில் வேலையில் இருக்கிறான். கடையில் சின்னக் கண்ணாடிக் குப்பியைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது நம்ம ஆயா போடறதா?" என்று படம் அனுப்பினான். பெயர் அங்கே பிழைத்துக்கொண்டது. செய்கிற கை இங்கே குறைந்துகொண்டு வருகிறது.

கடையில் கிடைக்கிறதே என்ற கேள்விக்கு வருகிறேன். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் நம்மை அடித்துப் போட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஃபிரிட்ஜில் இருந்ததெல்லாம் இரண்டாம் நாளே குப்பைக்குப் போயிற்று. காய்கறி வரவில்லை. கடைகள் திறக்கவில்லை. அப்போது என் மனைவி பரணிலிருந்து ஜாடிகளை இறக்கினாள். சுண்டை வத்தல் போட்டு ஒரு குழம்பு, மோர்மிளகாய் வறுத்தது, நார்த்தங்காய். அரிசியும் புளியும் இருந்தன. எங்கள் வீட்டோடு பக்கத்து இரண்டு வீட்டுக்கும் நாலு நாள் அதுதான் சாப்பாடு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது நான் இந்த ஃபிளாட்டில் தனியாக இருந்தேன். பரணில் ஜாடி இல்லை. பிஸ்கட் பாக்கெட்டும் ரவையும்தான் இருந்தன. மனைவி போய் அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் பதிவேடு வைத்தவன், அவளிடம் ஒரு நாளாவது உட்கார்ந்து "இதை எப்படிப் போடுகிறாய், எவ்வளவு போடுகிறாய்" என்று கேட்டு எழுதி வைக்கவில்லை.

அந்த உறுத்தலில் மறு வருடம் நானே வடகம் போட்டேன். பால்கனியில் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேர வெயில்தான் விழும். ஐந்தாம் நாள் உருண்டை கல் போல இருக்கிறது என்று நம்பி பாட்டிலில் போட்டு மூடினேன். பத்தாம் நாள் திறந்தால் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை. அத்தனையையும் கொட்டினேன்.

அக்காவுக்குப் போன் செய்தேன். "ஏன்டா, வெளியே காஞ்சா உள்ளேயும் காஞ்சிடுமா? கெளம்பி வா" என்றாள். போனேன், கையில் ஒரு எலக்ட்ரானிக் தராசோடு. காரணம் இருக்கிறது. அக்காவுக்கு இப்போது மறதி வந்துவிட்டது. காலையில் கேட்டதையே மத்தியானம் மறுபடி கேட்கிறாள். உப்பு எவ்வளவு என்று கேட்டால் "போடற அளவு" என்கிறாள். ஆனால் அவள் கைக்கு மறதி வரவில்லை. அவள் ஒவ்வொரு முறை அள்ளும்போதும் அதை வாங்கித் தராசில் வைத்து எழுதினேன். ஒரு பிடி கடுகை மூன்று தடவை எடுக்கச் சொன்னேன். 48 கிராம், 51 கிராம், 47 கிராம். "என்னடா, ரேஷன் கடை மாதிரி நிறுக்கிறே" என்று சிரித்தாள்.

அக்காவின் கணக்கு இது. சின்ன வெங்காயம் ஒரு கிலோ, பூண்டு 200 கிராம், உளுத்தம்பருப்பு 100, கடுகு 50, சீரகம் 50, வெந்தயம் 25, கல்லுப்பு 60, மஞ்சள்தூள் இரண்டு டீஸ்பூன், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும், விழுதாகக் கூடாது. எல்லாவற்றையும் பிசறி இரவு முழுக்க மூடி வைத்தால் காலையில் தண்ணீர் விட்டிருக்கும். உப்பு செய்கிற வேலை அது. அந்தத் தண்ணீரைக் கொட்டாமல், கலவையை மட்டும் பிழிந்து வெயிலில் பரப்பி, சாயந்திரம் மறுபடி அந்தத் தண்ணீரிலேயே போட்டுப் பிசற வேண்டும். மூன்று நாளில் தண்ணீர் முழுதும் இழுத்துக்கொள்ளும். பிறகு விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடித்து, ஒரு வாரம் முழு வெயில். எண்ணெய் மொத்தம் 50 மில்லி ஆனது. கடைசியில் ஒரு உருண்டையை உடைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் துளி ஈரம் இருந்தாலும் இன்னும் இரண்டு நாள். நான் கோட்டை விட்டது இங்கேதான். ஒன்றரைக் கிலோ கலவை கடைசியில் அறுநூறு கிராமுக்குச் சற்று மேல் நின்றது. போனதெல்லாம் தண்ணீர். தண்ணீர் இல்லாத இடத்தில் பூஞ்சைக்கு வேலை இல்லை. இந்த விஞ்ஞானத்தை எழுதப் படிக்கத் தெரியாத நம் ஆயாக்கள் கைவிரலில் வைத்திருந்தார்கள்.

சிலர் உப்பு ஆகாதே என்பார்கள். உண்மை. நானும் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவன்தான். வடகம் தாளித்தால் குழம்பில் உப்பைக் குறைக்கிறேன். நெல்லிக்காயளவில் பாதி போதும், தெரு வரைக்கும் மணக்கும். ஊறுகாயை டாக்டர் சொன்ன அளவோடு நிறுத்துங்கள். கற்றுக்கொள்வதற்கு எந்த டாக்டரும் தடை போடவில்லை.

இன்னொரு பேச்சு இதைவிட நியாயமானது. என் மருமகளே கேட்டாள். "மாமா, அந்தக் காலம் அந்தக் காலம்னு சொல்றீங்களே, வெயில்ல உக்காந்து காக்கா ஓட்டினது யாரு?" பதில் என்னிடம் இல்லை. காக்கை ஓட்டியது அம்மா, பிறகு மனைவி. நான் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டு, போன வருடத்தது இன்னும் நன்றாக இருந்தது என்று நொட்டை சொன்னவன். இந்த வேலை அழிந்து வருவதற்குக் கடைப் பாக்கெட் மட்டும் காரணமில்லை. ஒருத்தி தலையிலேயே முழுச் சுமையையும் வைத்தோம். அவளுடைய மகள் படித்து வேலைக்குப் போனதும் சுமையை இறக்கி வைத்துவிட்டாள். சரியாகத்தான் செய்தாள். அதனால்தான் இதை ஊர்கூடிச் செய்ய வேண்டும் என்கிறேன். இடிக்க ஆண்கள் வரட்டும். உரிக்க ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறோம், எங்களுக்கு நேரத்துக்கா பஞ்சம்? காக்கை ஓட்டப் பரீட்சை முடிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கோலப் போட்டிக்குக் குக்கர் பரிசு கொடுக்கிற சங்கம், இதற்கு நாலு கிலோ வெங்காயம் வாங்கித் தரட்டும். முடிந்ததும் வீட்டுக்கு நாலு உருண்டை என்று பங்கு போட்டுக்கொள்வோம்.

உங்களில் பலருக்கு என் வயது இருக்கும். உங்கள் வீட்டில், தெருவில், கிராமத்தில் இன்னும் ஒரு அக்காவோ பெரியம்மாவோ இருப்பார்கள். இந்தக் கோடையிலேயே தராசை எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று கோப்பை நிலுவையில் போடாதீர்கள்.

செயலாளருக்கு நான் முறைப்படி ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொருள்: மொட்டை மாடிச் சாவி பத்து நாட்களுக்குத் தேவைப்படுதல் தொடர்பாக. சோலார் பக்கம் போக மாட்டோம், தொட்டி மூடியைத் தொட மாட்டோம், இடத்தைக் கழுவித் திருப்பித் தருவோம் என்று மூன்று நிபந்தனைகளை நானே சேர்த்துவிட்டேன். பதினொரு வீட்டார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது மாடிக்காரர் உட்பட.

நேற்று அக்கா போன் செய்தாள். "இந்த வருஷம் வடகம் போடணும்டா, கடுகு எவ்வளவு போடுவோம்?" என்று கேட்டாள். அவள்தான் என்னிடம் கேட்டாள். நோட்டைப் பார்க்காமலே சொன்னேன். "கிலோவுக்கு ஒரு பிடிக்கா. உன் கையால ஒரு பிடி."