பாறையைச் சுட்டால் தண்ணீர் எங்கே போகும்?

பாலாற்றுப் படுகை விவசாயப் பெருமக்களே!

800 அடி, 1000 அடி என்று போர் போட்டு நொந்தவர்கள் நாம். மாவுதான் பறக்கும், வண்டிக்காரர் கையை விரிப்பார். இன்னும் பத்தடி இறக்கினால் ஒரு வெடிப்பு அகப்படும், தண்ணி பீறிடும். கருங்கல்லுக்குள்ளும் தண்ணீர் நடமாடும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அணு உலையில் எரிந்த எரிபொருள் பல்லாயிரம் ஆண்டுக்கு நஞ்சு. பல நூறு ஆண்டுக்குச் சூடும் ஆறாது. அதைப் பாறைக்குள் ஆழத்தில் புதைக்கலாம் என்கிறார்கள். அந்தச் சூட்டில் பாறையின் ஈரம் என்ன ஆகும்?

அமெரிக்காவில், நெவாடா மாநிலத்து யக்கா மலையில் இதைச் சோதித்தார்கள். பாலைவனத்து மலை அது. உள்ளே சுமார் 47 மீட்டர் நீளச் சுரங்கத்தில் மின்சார ஹீட்டர்களை வைத்து, 1997 டிசம்பர் முதல் 2002 ஜனவரி வரை சுட்டார்கள். கழிவு வைக்கவில்லை, வெறும் சூடுதான். சுரங்கச் சுவர் 200 டிகிரி அளவுக்குக் கொதித்தது.

பக்கத்துப் பாறை காய்ந்தது உண்மை. ஆனால் ஈரம் மாயமாகவில்லை. இட்லிச் சட்டி மூடியில் ஆவி பட்டுச் சொட்டுதே, அதே கதைதான். ஆவி வெடிப்புகள் வழியாக நகர்ந்து, சூடு குறைந்த இடத்தில் மறுபடி தண்ணீரானது. துளைகளில் அந்தத் தண்ணீரைப் பிடித்தும் பார்த்தார்கள். சுரங்கத்தின் தடுப்புச் சுவர் வழியாகவும் ஆவி கசிந்ததால், தண்ணீர்க் கணக்கை நேர்செய்வதே சிக்கலாகிப் போனது. அளவுகருவிகளைப் பாறை முழுக்கச் செருகியும் இந்தக் கதி!

அந்த மலைக்குத் தெற்கே அமர்கோசா பள்ளத்தாக்கில் நிலத்தடி நீரை நம்பிக் குதிரைமசால் போட்டு மாடு வளர்க்கிறார்கள், நம்மைப் போன்ற குடியானவர்கள். 70,000 டன் கழிவைப் புதைக்கும் அந்தத் திட்டம், நெவாடா மாநிலத்தின் கடும் எதிர்ப்புக்குப் பின், 2010-ஐ ஒட்டிக் கிடப்பில் போடப்பட்டது.

நமக்கு என்ன என்கிறீர்களா? 1980-களில் நம் நாட்டு அணுசக்தித் துறையும் கோலார் தங்கவயலில், சுமார் 1000 மீட்டர் ஆழத்தில், ஹீட்டர் வைத்துப் பாறையைச் சோதித்தது. 2012 நவம்பரில், கூடங்குளம் வழக்கில், கழிவுக்கு இடமாகக் கோலார் சுரங்கத்தின் பெயர் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டது. தங்கவயல் மக்கள் தெருவில் இறங்கிய பிறகு, அப்படித் திட்டமே இல்லை என்றது அரசு. அந்தக் கோலார் மாவட்டத்தின் வழியாகத்தான் நம் பாலாறு வருகிறது!

நாங்கள் விஞ்ஞானத்துக்கு எதிரிகள் அல்ல. சோதனை செய்யட்டும். ஆனால் கிணற்றுக்காரனைக் கேட்காமல் முடிவெடுக்காதே என்கிறோம்.

★ தங்கவயல் சோதனையின் முழு முடிவையும் தமிழிலும் கன்னடத்திலும் ஊர் ஊராகக் கொடு!

★ எந்த இடத்தைத் தேர்ந்தாலும் முதலில் கிராம சபையின் சம்மதம் கேள்!

★ சோதனைக்கு முன்னும் பின்னும் சுற்றுவட்டாரக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்து முடிவை ஊர்ப் பலகையில் ஒட்டு!

மாடு வாங்கினால்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். பேரப்பிள்ளை குடிக்கிற தண்ணிக்குக் கேள்வி கேட்காமல் இருக்கலாமா? சிந்திப்பீர்! கிராம சபையில் எழுந்து கேட்பீர்!