கிலோவாட் கணக்கும் மண்ணின் கணக்கும்

ஒரு வானொலி நிலையத்தின் வலிமையைக் கேட்டால் கிலோவாட்டில்தான் பதில் வரும். அது டிரான்ஸ்மிட்டரின் எண். அதில் எவ்வளவு அலையாகப் போயிற்று, எவ்வளவு மண்ணைச் சூடாக்கிற்று என்பது ஆன்டெனாவின் கையில் இருக்கிறது. ஆன்டெனா வடிவமைப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இதைக் கேட்காமல் விடுவது பெரும் விரயமாகப் படுகிறது.

சுவீடனின் கிரிமெட்டோன் நிலையம் 1924இல் இயங்கத் தொடங்கியது. அங்கே டிரான்ஸ்மிட்டராகச் சுழலும் 200 கிலோவாட் ஆல்டர்னேட்டரைப் பார்த்துத்தான் பலரும் வியப்பார்கள். நான் வியப்பது ஆன்டெனாவை. 17.2 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 17 கிலோமீட்டருக்கும் மேல். கோபுரங்களோ 127 மீட்டர். அலைநீளத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இத்தனை குட்டையான ஆன்டெனாவின் கதிர்வீச்சுத் தடை, அதாவது அலையாகப் போகும் திறனுக்கு ஈடான தடை, ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கை எட்டாது. மண்ணின் தடை ஒரே ஓம் என்று வைத்துக்கொண்டாலும், திறனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தரையிலேயே தீர்ந்துவிடும். அதை வடிவமைத்த பொறியாளர் எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன் இதற்காகக் கோபுரத்தை உயர்த்திக்கொண்டே போகவில்லை. ஆறு கோபுரங்களிலும் கம்பியை இறக்கி, ஒவ்வொன்றையும் தனிச் சுருள் வழியாக நிலத்தில் சேர்த்தார். மின்னோட்டம் ஆறாகப் பிரிந்ததால் மண்ணின் இழப்புத் தடையும் ஏறத்தாழ ஆறில் ஒன்றாயிற்று.

மத்திய அலையில் நிலைமை இத்தனை மோசமில்லை என்பார்கள். உண்மைதான், கால் அலைநீளக் கம்பத்தின் கதிர்வீச்சுத் தடை சுமார் 36 ஓம். ஆனால் அங்கும் தரையை மறக்க முடியாது என்பதை 1937இல் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் என்ற மூன்று பொறியாளர்கள் அளந்தே காட்டினார்கள். அதன்பின் வழக்கமாகிவிட்ட ஏற்பாடு, கம்பத்தைச் சுற்றி 120 செப்புக் கம்பிகளைப் புதைப்பது. ஒவ்வொன்றும் அரை அலைநீளம் என்றால், 1,000 கிலோஹெர்ட்ஸுக்கு மொத்தம் 18 கிலோமீட்டர். அரித்துப்போனாலும் திருடுபோனாலும் வெளியே தெரியாத செம்பு!

தோண்டுவதைவிடப் பெரிய டிரான்ஸ்மிட்டர் வாங்குவது எளிது என்ற வாதத்தையும் நான் தள்ளிவிடவில்லை. நெருக்கடியான நகர நிலத்தில் வேறு வழியில்லாமல் போகலாம். ஆயினும் திறனை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டும். மின்கட்டணமோ ஆண்டுதோறும் இரட்டிப்பாக வரும். மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் அந்த வழியும் அடைபடும்: திறனோடு ஆன்டெனாவின் மின்னழுத்தமும் ஓர் அளவுக்கு மேல் ஏறினால் கம்பியைச் சுற்றிய காற்றே மின்கசிவுக்கு இடம் கொடுத்துவிடும்.

ஆகவே மத்திய அலை நிலையங்களுக்கான ஒப்பந்தப்புள்ளியில் கிலோவாட்டோடு இன்னொரு எண்ணையும் கேட்க வேண்டும் என்பேன்: 1 கிலோமீட்டர் தொலைவில் அளந்த புலச்செறிவு. குறையற்ற தரைமேல் நிற்கும் குட்டைக் கம்பம், 1 கிலோவாட்டில் அந்தத் தொலைவில் மீட்டருக்கு 300 மில்லிவோல்ட் தர வேண்டும். மழை முடிந்ததும் ஒருமுறை, மண் காய்ந்த கோடையில் ஒருமுறை அளந்து, இரண்டையும் ஏட்டில் பதியட்டும்.